பிரேக்குக்கு வைத்த சந்தனம்

ஆகஸ்ட் 3, 2025 – ஞாயிறு

இந்த வீட்டில் ஊறுகாய் பாட்டிலை யாரும் திருகி மூடுவதில்லை. மூடியைச் சும்மா மேலே கவிழ்த்து வைக்கிறார்கள். இன்று காலை அந்த மூடியைப் பிடித்துத் தூக்கினேன். மூடி கையில், பாட்டில் தரையில். சமையலறை முழுக்க எலுமிச்சை ஊறுகாயும் கண்ணாடித் துண்டும்.

சத்தம் கேட்டு மகள் எழுந்து வந்தாள். "ஏ கீ காண்டோ, பாபா", இது என்ன கூத்து அப்பா, என்று சொல்லிவிட்டு மறுபடி படுக்கப் போய்விட்டாள். பெயர் தமிழரசி. இங்கே கல்கத்தாவிலேயே, ஜாதவ்பூரில் எம்.ஏ. படிக்கிறாள். கோபம், சிரிப்பு, தூக்கத்தில் உளறுவது எல்லாம் வங்காளத்தில்தான்.

குற்றவாளி வீட்டில் இல்லை. ஞாயிறு என்றால் என் மனைவி நீலா விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு டயமண்ட் ஹார்பர் ரோட்டில் போய்விடுவாள். திரும்பி வந்தவளிடம் மூடியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "என்னங்க, சைக்கிளுக்கு கியர் மாத்தணும்" என்றாள்.

பட்டனைத் தொட்டால் போதுமாம். பின்சக்கரத்துப் பக்கம் ஒரு குட்டி மோட்டார் இருக்கிறதாம், அதுவே சங்கிலியை நகர்த்தி அடுத்த பல்சக்கரத்தில் ஏற்றிவிடுமாம். கம்பி கிடையாது, பேட்டரி. விலையைச் சொன்னாள். நான் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பணத்துக்கு ஓடுகிற நிலையில் ஒரு ஸ்கூட்டரே வாங்கலாம். எனக்கு ஸ்கூட்டர் மாற்றவேண்டும் என்று எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4 – திங்கள்

கிடர்பூரில், கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஆபீசில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். சைக்கிள் பாகங்களும் வரும். பெட்டியில் வரும்போது எல்லாம் ஒன்றுதான். அட்டைப்பெட்டி, அதற்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் இரும்போ அலுமினியமோ. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் போன பிறகுதான் ஒன்று சாதாரணம் ஆகிறது, இன்னொன்று தங்கம் ஆகிறது. இதை எனக்குத் தெரிந்த வகையில் நீலாவிடம் விளக்கினேன்.

"நீங்க பெட்டியைத்தான் பாத்திருக்கீங்க, ஓட்டிப் பாத்ததில்ல" என்றாள்.

அது உண்மைதான். ஆனால் வங்காளத்தில் கியர் எதற்கு? கல்கத்தாவில் மேடு என்றால் மேம்பாலம். அதிலும் பாதிப் பாலங்களில் போலீஸ் சைக்கிளை விடமாட்டான்.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

சண்டை வேண்டாம், நேரில் பார்த்துவிடலாம் என்று நீலாவோடு கௌசிக்கின் சைக்கிள் கடைக்குப் போனேன். தமிழரசி வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும் அவனுக்கு. என்னைக் காகு, நீலாவை தீதி என்கிறான். மனைவி அக்கா, கணவன் சித்தப்பா. இந்த உறவுமுறை எந்த ஊர்க் கணக்கில் வரும் என்று தெரியவில்லை.

கண்ணாடி அலமாரியின் முதல் தட்டில் இருந்த பட்டன் கியரை எடுத்துக் காட்டினான். கறுப்பு நிறம், உள்ளங்கையில் அடங்கும். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், திருப்பியே வைத்துவிட்டேன். என்ன விசேஷம் என்று கேட்டால், எடை குறைவு என்றான்.

ஆனால் பையன் நேர்மையானவன். "காகு, ஒரு அளவுக்கு மேல போனா ரெட்டை விலை குடுத்து துளியூண்டு சுகம்தான் கிடைக்கும். நல்ல டயர், நல்ல பிரேக், உக்காரும் சீட். மூணுக்கும் செலவு பண்ணுங்க. மத்ததெல்லாம் ஆசை" என்று வங்காளத்தில் சொன்னான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. நீலா அந்தப் பட்டனை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். இன்னொரு முறையும் தொட்டாள்.

வரும் வழியில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எடை குறையணும்னா காலையில ரெண்டு இட்லி குறைச்சுக்கிட்டா போதுமே" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 11 – திங்கள்

பேசவில்லை.

ஆகஸ்ட் 12 – செவ்வாய்

இன்றும் இல்லை. காலை இட்லி நாலு வைத்தாள், எனக்கு. தனக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஆபீசில் இஸ்மாயிலிடம் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர், எல்லாம் சொல்லிக்கொள்வோம். "எடையைப் பத்திப் பொண்டாட்டிகிட்ட பேசின ஆளு இன்னும் உசுரோட இருக்கறதே பெரிய விஷயம், தாதா" என்றார். இந்த ஊரில் தாதா என்றால் அண்ணன்.

ஆகஸ்ட் 24 – ஞாயிறு

எல்லாம் அந்த அயோத்தியா மலையால் வந்தது. இங்கே வங்காளத்திலேயே, புருலியாவில் இருக்கிறது. போன டிசம்பரில் நீலாவின் சைக்கிள் கூட்டம் ரயிலில் போய் அங்கே மலை ஏறியது. நானும் தமிழரசியும் வாடகைக் காரில், பிளாஸ்கில் டீயோடு, அவள் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போனோம். பாதி மலையில் ஒரு கொண்டைஊசி வளைவு. அங்கே நீலா இறங்கிவிட்டாள். அங்கிருந்து மேலே வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தாள். கார்க் கண்ணாடியை இறக்கி "ஏறிக்கோ" என்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

நீலாவுக்கு ஐம்பது வயது. அலிப்பூரில் அரசாங்க ஆபீசில் நாள் முழுக்க நாற்காலி. ஊரடங்கின்போது தமிழரசியின் பழைய சைக்கிளை மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி ஓட்டி ஆரம்பித்தவள். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த மலையில் கால் ஊன்றாமல் மேலே போய்ச் சேரவேண்டும். ஜனவரியில் மறுபடி போகிறார்கள்.

தெரிகிறது. ஆனால் ஏறவேண்டியது கால்கள்தானே? அதற்கு பேட்டரி எதற்கு?

செப்டம்பர் 7 – ஞாயிறு

சமாதானமாகப் போவோம் என்று ஒரு காரியம் செய்தேன். கௌசிக்கிடம் சாதாரண கியர் லீவர், புதுசு, நடுத்தர விலையில் ஒன்று வாங்கி, அவளுக்குத் தெரியாமல் அவனை விட்டே மாட்டவைத்தேன். இந்த லீவர் வலது கைப்பிடியில் இருக்கும், கட்டைவிரலால் தள்ளவேண்டும். பழையது துருப்பிடித்து இறுகியிருக்கும், அதனால்தான் கஷ்டப்படுகிறாள் என்பது என் கண்டுபிடிப்பு.

ஓட்டிவிட்டு வந்தாள். எப்படி என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு" என்றாள். என் தோளைத் தட்டினாள், இடது கையால். பிறகு காபி டம்ளரையும் இடது கையால் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். நல்லா இருந்தால் ஏன் முகம் அப்படி இருக்கிறது?

செப்டம்பர் 17 – புதன்

விஸ்வகர்மா பூஜை, நம் ஆயுத பூஜை மாதிரி, பட்டமும் விடுவார்கள். கிடர்பூரில் இன்று வேலை நடந்ததாகப் பேர் பண்ணினார்கள், அவ்வளவுதான். கிரேன், லாரி, கைவண்டி எல்லாவற்றுக்கும் மாலை. வானம் முழுக்கப் பட்டம். இஸ்மாயில் ஆபீஸ் மாடியில் ஒரு பையனிடமிருந்து நூலைப் பிடுங்கி அவரே விட ஆரம்பித்துவிட்டார்.

லாரி டிரைவர்கள் வண்டியை எவ்வளவு ஆசையாகத் துடைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீலா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் ஓட்டை ஸ்கூட்டருக்குத்தான் முதலில் சந்தனம் வைக்கிறாள். அவள் சைக்கிளுக்கு நான் ஒரு வருஷமாவது வைத்திருக்கிறேனா? இந்தத் தடவை வைக்கவேண்டும்.

அக்டோபர் 1 – புதன்

ஆயுத பூஜை. இங்கே நவமி. தெருமுனைத் துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளச் சத்தம் காதைப் பிளக்கிறது.

நீலா சுண்டலில் மும்முரமாக இருந்தபோது சைக்கிளைப் பால்கனிக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எங்கள் வீட்டு வழக்கம், இரும்பு என்றால் முதலில் எண்ணெய். அப்பா அரிவாள்மனை, சுத்தியல், தையல் மிஷின் எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் பொட்டு வைப்பார். அதையே செய்தேன். சக்கரத்தின் நடுவில் வட்டமாக ஒரு தகடு இருக்கிறது, டிஸ்க் பிரேக்காம், ஓட்டை ஓட்டையாகப் பூ மாதிரி அழகான வேலைப்பாடு. அதைத்தான் ரொம்ப ஆசையாகத் துடைத்தேன். முன்னும் பின்னும், இரண்டு பக்கமும். பளபளவென்று ஆனது. அதைச் சுற்றிச் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். கைப்பிடியில் சாமந்தி.

நீலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இட்லியை மன்னிச்சுட்டேன்" என்றாள்.

நல்ல நாள்.

அக்டோபர் 2 – வியாழன்

எங்கே ஆரம்பிப்பது.

விஜயதசமி, நல்ல நாள், ரோடு காலி என்று விடியும் முன்பே கிளம்பினாள். நான்தான் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். நசுக்கிக்கொண்டு போனாள். தெருவைத் தாண்டவில்லை. பந்தல் பக்கம் திரும்பும்போது வீறென்று ஒரு சத்தம். யானை பிளிறினால் அப்படித்தான் இருக்கும். அப்புறம் மூங்கில் சரியும் சத்தம். வேட்டியோடு ஓடினேன். மூங்கில் தடுப்புக்குள் சைக்கிள், அதற்குப் பக்கத்தில் நீலா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு.

"பிரேக் பிடிக்கல" என்றாள். பிறகு குனிந்து அந்தத் தகட்டில் இடது கை விரலை வைத்து மோந்து பார்த்தாள். "என்னங்க... எண்ணெய் போட்டீங்களா?"

போட்டேன். நான்தான் போட்டேன். எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும், இதைத் தெரிந்துகொள்ள ஒரு மனுஷன் கப்பல் கப்பலாகச் சரக்கைப் பார்க்கவேண்டுமா? பெரிய பெரிய வியாக்கியானம் பண்றேன், பெட்டிக்குள்ள எல்லாம் ஒண்ணுன்னு. அவ லாரி வர ரோட்ல போயிருந்தா? போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே முடியல.

எலும்பு முறியவில்லை. மணிக்கட்டில் சுளுக்கு. ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் அதைப் பற்றிப் பேசவில்லை. கட்டைவிரலின் அடிமூட்டைக் காட்டினார். தேய்ந்திருக்கிறது, இது நேற்று இன்று வந்ததில்லை என்றார். எத்தனை நாளாக வலி என்று நீலாவைக் கேட்டார்.

நீலா முதலில் என்னைப் பார்த்தாள். பிறகுதான் பதில் சொன்னாள். "ஒன்றரை வருஷமா."

அக்டோபர் 3 – வெள்ளி

ஒன்றரை வருஷம். ஒரே வீடு, ஒரே படுக்கை.

நேற்று முழுக்க நான் கேட்கவில்லை. இன்று அவளே சொன்னாள். கை கட்டோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"மலையில நான் இறங்கினது மூச்சு வாங்கி இல்ல. கால் நல்லாத்தான் இருந்துச்சு. கட்டைவிரலால லீவரைத் தள்ளவே முடியல. கடைசிப் பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலி ஏறினாத்தான் மேட்டுல மிதிக்க லேசா இருக்கும், ஏறல. அழுத்தி அழுத்தி, வலியில கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அதான் உங்க பக்கம் திரும்பல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். அம்பது வயசாச்சு, போதும், நிறுத்துன்னு சொல்வீங்க. அக்கறையாத்தான் சொல்வீங்க. அக்கறையா சொன்னா நான் எப்படிங்க எதுத்துப் பேசறது?"

நான் அப்படிச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். அந்த வார்த்தைகளையே, அந்த வரிசையிலேயே.

சாப்பிடும்போது ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன். மூடி வழக்கம்போல் சும்மா உட்கார்ந்திருந்தது. அதை இறுக்கித் திருகப் போனேன். திருகி மூடினால் அவளால் மறுபடி திறக்கமுடியாது. அதனால்தான். நானோ கண்ணாடித் துண்டைப் பொறுக்கிக்கொண்டே சொற்பொழிவு ஆற்றியிருக்கிறேன். இடது கையில் காபி. துணி பிழிய மகளைக் கூப்பிடுவது. கடையில் அந்தப் பட்டனை இரண்டு தடவை தொட்டது. எல்லாம் என் கண்முன்னால் நடந்ததுதான்.

அக்டோபர் 8 – புதன்

வீட்டிலுள்ள எல்லா டப்பா, பாட்டில் மூடிகளையும் நான் தளர்த்தி வைத்துவிட்டேன். வெல்ல டப்பாவுக்குள் எறும்பு. பருப்புக்குள் எறும்பு. நீலா கட்டுப்போட்ட கையோடு சமையலறை நடுவில் நின்று, "என்னை நோயாளி ஆக்காதீங்க. வேணும்னா நானே கேப்பேன்" என்றாள்.

கேட்பாளா? ஒன்றரை வருஷம் கேட்காதவள்.

தமிழரசி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, அம்மாகிட்ட கொஞ்சம் நார்மலா இரு. நீ இவ்ளோ நல்லவனா இருந்தா பயமா இருக்கு" என்றாள். இவ்வளவு தமிழ் அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை.

அக்டோபர் 12 – ஞாயிறு

"அந்த கியரை வாங்கிடலாம்" என்றேன்.

"வேண்டாம்."

"ஏன்?"

"ஆகஸ்ட்ல ஆசைன்னு கேட்டேன், குடுக்கல. இப்போ பாவம்னு குடுக்கறீங்க. பாவத்துக்கு வாங்கின சாமானை மாட்டிக்கிட்டு மலை ஏற எனக்கு இஷ்டமில்ல. கை கட்டு அவுத்ததும் பார்க்கலாம். முடியலைன்னா வித்துடலாம்."

வித்துடலாம். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி ஓட்டிய அந்த மாதங்கள் ஞாபகம் வந்தன. ஊரெல்லாம் பயந்து கிடந்தபோது இந்த வீட்டில் ஒருத்தி மட்டும் வியர்க்க வியர்க்கச் சிரித்துக்கொண்டு கீழே இறங்கி வருவாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் மாடிப்படியில் டம்ளரோடு நிற்பேன். சைக்கிளை விற்றுவிட்டால் அதற்கு எங்கே போவது?

அக்டோபர் 20 – திங்கள்

தீபாவளி. இங்கே காளி பூஜை. காலையில் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல். நீலா இடது கையால் என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே, "பிரேக்குக்கு ஏற்கெனவே ஆயிடுச்சு, அதுக்கு வேண்டாம்" என்றாள். தமிழரசி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டரை வாரமாக இந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை.

அக்டோபர் 26 – ஞாயிறு

தனியாகக் கௌசிக் கடைக்குப் போனேன். கடையிலுள்ள எல்லா கியர் லீவரையும் எடுத்து வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் என் இடது கைச் சுண்டுவிரலால் அழுத்திப் பார்த்தேன். என் உடம்பில் இருப்பதிலேயே சோப்ளாங்கியான விரல் அதுதான்.

சாதாரண லீவர், அசையவில்லை. நான் வாங்கிக் கொடுத்தேனே, அதே நடுத்தர லீவர், பாதி போய் நின்றுவிட்டது, விரல் வலித்தது. அதைவிட விலை கூடிய கம்பி லீவர், கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் தள்ளவேண்டியிருந்தது. பட்டன் – தொட்டேன், டிக். அவ்வளவுதான். சுண்டுவிரலுக்கே தெரியவில்லை.

கௌசிக் பயந்துவிட்டான். "காகு, சைக்கிளை யாரும் சுண்டுவிரலால ஓட்டறதில்ல" என்றான். பட்டனில் அலமாரியின் முதல் தட்டில் இருந்ததையும் இரண்டாம் தட்டில் இருந்ததையும் மாற்றி மாற்றி அழுத்தினேன். தொடுவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. முதல் தட்டு ஒரு வாழைப்பழம் அளவுக்கு எடை குறைவு, அதற்கு இரட்டை விலை. அந்த விஷயத்தில் நான் சொன்னது சரிதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாம் தட்டைக் கட்டச் சொன்னேன்.

அதோடு பிரேக்குக்கு, தகட்டைக் கவ்விப் பிடிக்கும் புது பேட். நான் கையோடு கொண்டுபோயிருந்த பழையது எண்ணெய் குடித்துவிட்டதாம், துடைத்தாலும் போகாதாம். "யார் இதுல எண்ணெய் போட்டது?" என்று கேட்டான். வேலைக்காரப் பெண் என்று சொல்லலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் வேலைக்காரப் பெண் இல்லை. நான்தான் என்றேன்.

வீட்டில் பெட்டியை மேசைமேல் வைத்தேன். நீலா பார்த்தாள். முகம் இறுகியது. அவள் வாயைத் திறக்கும் முன்பே சொன்னேன்.

"பாவத்துக்கு வாங்கல. ஜனவரியில மறுபடி உன் பின்னாடி நத்தை மாதிரி கார்ல ஊர்ந்து வர எனக்குப் பொறுமை கிடையாது. டிரைவர் வேற போன தடவை முழுக்க முனகிக்கிட்டே வந்தான். ஏறினா ஒழுங்கா ஏறு."

நீலா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரொம்ப விலை கூடினதை வாங்காம, அதுக்கு அடுத்ததா சாமர்த்தியமா பாத்து வாங்கினேன்" என்றேன், பெருமையாக.

"நான் ஆகஸ்ட்ல கேட்டதே இதைத்தான். விலையைச் சொன்னதும் துடைப்பத்தைக் கீழ வெச்சீங்க. அதுக்கப்புறம் நான் சொன்னது எதுவும் உங்க காதுல விழல."

அப்படியா? அப்படித்தான் இருக்கவேண்டும். மூன்று மாதம் அவள் கேட்காத ஒன்றை எதிர்த்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஸ்கூட்டர் இன்னும் ஓடும். ஹாரன்தான் அடிக்காது.

நவம்பர் 16 – ஞாயிறு

கட்டு அவிழ்த்தாயிற்று. டாக்டர் ஓட்டலாம் என்றார். வலி வந்தால் நிறுத்தவேண்டும், வலியை மறைக்கக்கூடாது என்றார். கடைசி வரியை நான் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். நீலா என் காலை மிதித்தாள்.

தெருவில் ஒரு சுற்று. நான் கேட்டில் நின்றேன். போகும்போது டிக், வரும்போது டிக். என் முன்னால் பிரேக் பிடித்தாள். சத்தமே இல்லாமல் நின்றது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

டிசம்பர் 7 – ஞாயிறு

பேட்டரியை சார்ஜ் போட்டேன். நேற்றும் போட்டேன். தமிழரசி, அது மாதக்கணக்கில் நிற்கும் பாபா என்கிறாள். நிற்கட்டுமே.

ஜனவரி 11, 2026 – ஞாயிறு, புருலியா

லாட்ஜில் எழுதுகிறேன். நல்ல குளிர். நீலா கம்பளிக்குள் தூங்குகிறாள், மாலை ஆறு மணிக்கே.

அதே மலை, அதே பிளாஸ்க். டிரைவர் வேறு. நான் முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். "பாபா, குளிருது" என்று தமிழரசி பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். எனக்கு அந்தச் சத்தம் கேட்கவேண்டும். சாலையில் வேறு வண்டி இல்லாததால் கேட்டது. மேடு ஏற ஏற, டிக். கொஞ்சம் கழித்து இன்னொரு டிக்.

கொண்டைஊசி வளைவு வந்தது. நான் தலையை வெளியே நீட்டினேன். பின்னால் தமிழரசியும் கண்ணாடியை இறக்கினாள். டிக். சங்கிலி கடைசிப் பெரிய பல்சக்கரத்தில் போய் உட்கார்ந்தது, கால்கள் லேசாகச் சுற்ற ஆரம்பித்தன. நீலா வளைவில் திரும்பி, எங்களுக்கு மேலே, அடுத்த சாலையில் தெரிந்தாள். ஏறிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவர் டிஷ்யூ பேப்பர் எடுத்துக் கொடுத்தான். தூசி என்றேன்.

அப்புறம் மலை உச்சி தெரிகிற இடத்தில், கால் ஊன்றிவிட்டாள்.

காரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினேன். சாலையோரப் பாறையில் உட்கார்ந்திருந்தாள். நான் கையைப் பிடித்தேன், கட்டைவிரலைப் பார்த்தேன்.

"கை இல்லங்க" என்றாள். பேச மூச்சு இல்லை. சிரிக்கிறாள். "மூச்சுதான். சும்மா மூச்சு. கை நல்லா இருக்கு."

போன தடவை இதே மலையில் இறங்கியவளின் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இது அந்த முகம் இல்லை. டீ ஊற்றிக் கொடுத்தேன். மூச்சுக்குக் கௌசிக் கடையில் சாமான் கிடையாது, எந்தத் தட்டிலும் கிடையாது. குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் கொடுத்தாள். மறுபடி ஏறி உட்கார்ந்து உச்சி வரை போனாள். கால் ஊன்றாமல் ஏறவேண்டும் என்ற ஆசை என்ன ஆயிற்று என்று மேலே போய்க் கேட்டேன்.

"அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு வேணாமா?" என்றாள்.

இறங்கும்போதுதான் எனக்குப் பயம். வளைவுக்கு வளைவு அவள் பிரேக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

ஜனவரி 18 – ஞாயிறு

ஆபீசில் இஸ்மாயில் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவ்வளவு விலை கொடுத்தது வீண்தானே என்று. அவருடைய மருமகன் ஏதோ விலை கூடிய சைக்கிள் சாமான் கேட்கிறானாம். என்ன சொல்வது? யார் கைக்கு என்று முதலில் கேளுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நாளைக்கு டீ குடிக்கும்போது நிதானமாகச் சொல்லவேண்டும்.

இன்று மத்தியானம் தயிர்சாதம். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நீலா புது ஊறுகாய் பாட்டிலை, சீல் பிரிக்காததை, கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"திறந்து குடுங்க. கை வலிக்குது இன்னிக்கு."

திறந்து கொடுத்தேன். அவளுக்கும் போட்டு, எனக்கும் போட்டேன். இனி கேட்பாள். சாப்பிட்டு முடித்ததும் மூடியை நன்றாக இறுக்கித் திருகி, அலமாரியில் வைத்தேன்.